சிந்தசைசர் நாப் தாவுதா? கழற்றிப் பார்ப்போம்

[மேஜை மேல் மூடி திறந்த சிந்தசைசர்]

வணக்கம். இந்தச் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் விதவிதமான ஒலி உண்டாக்கும் கீபோர்டு, திசையன்விளைப் பக்கம் கச்சேரிக்குப் போகிற ஒரு அண்ணாச்சியுடையது. கொடை சீசன் முழுக்கத் தேரி மணலுக்கு நடுவில் மேடை மேடையாக வாசித்த பெட்டி. ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற ஃபில்டர் நாபை, அதாவது திருகுகிற குமிழை, மெல்லத் திருப்பினால் திரையில் 40, உடனே 90, திரும்ப 38. "போர்டு போச்சா தம்பி?" என்று பதறிப்போய்க் கேட்டார். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணாச்சி.

விரலில் படுவது வெறும் பிளாஸ்டிக் தொப்பி. நேராக மேலே இழுத்தால் வந்துவிடும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேனலில் கீறல் விழும். அடியில் இருப்பதுதான் பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டர்: லாடம் போல வளைந்த கார்பன் பட்டை, அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்னத் தகடு. கால் மூன்று. ஓரத்துக் கால்களில் ஒன்றுக்கு 3.3 வோல்ட் போல ஏதாவது வரும், மற்றது கிரவுண்ட். நடுக்காலில் கிடைக்கும் வோல்டேஜைப் பிராசஸர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். இந்த நாப் வழியாகச் சத்தம் போவதே இல்லை. அதனால்தான் பழைய ரேடியோ வால்யூம் மாதிரி கரகரக்காமல் எண் தாவுகிறது.

நாப் எங்கேயும் முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அடியில் இருப்பது பாட் இல்லை, என்கோடர். அதில் இரண்டு சுவிட்ச், ஒன்றன்பின் ஒன்றாக மூடும். எது முந்துகிறதோ அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரியும். உவரி மாதிரி கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டுக் களிம்பேறிவிட்டால், வலப்பக்கம் திருப்பும்போதே எண் குறையும்.

[குளோசப்: பொட்டென்ஷியோமீட்டரின் பக்கவாட்டுச் சந்து]

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இந்தச் சந்தில் காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முப்பது தடவையாவது திருப்புங்கள், நன்றாகக் காயவிடுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம், பிசுக்கு தங்கி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதில் அதற்குப் பிறகும் தாவியது. திருப்பாமல் நாபைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினேன், எண் ஆடியது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், நடுக்காலைப் போர்டோடு ஒட்டியிருக்கும் சோல்டரில், அதாவது ஈயப்பற்றில், காலைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்ட விரிசல். வேனில் போகும்போது எங்கோ இடிபட்டிருக்கிறது. பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன்.

பொட்டென்ஷியோமீட்டரையே மாற்றுவதாக இருந்தால் மேலே உள்ள எழுத்தைப் பாருங்கள். இதில் பி10கே. 10கே என்பது அதன் மின்தடை, பத்தாயிரம் ஓம். பி என்றால் சீராக ஏறுவது, அதற்குப் பதில் ஏ போட்டால் பாதித் திருப்பில் பாதி எண் வராது. தண்டு டி வடிவமா, பல் வெட்டியதா என்பதும் பொருந்த வேண்டும்.

இப்போது 0 முதல் 127 வரை ஒரு படிகூடத் தாவவில்லை. கேளுங்கள்.

[ஃபில்டர் மெல்லத் திறக்கும் ஒலி]