கணையம் மட்டும் மிச்சம்!

வணக்கம் மக்களே! பின்னாடி ஒரு முண்டம் நிக்குதே, பயந்துராதீங்க, பிளாஸ்டிக்தான். எங்கம்மா என்னைத் திட்டுற வார்த்தை இன்னிக்குத்தான் சரியான ஆளைத் தேடிப் போயிருக்கு. "இனி ஒரு சாமானும் வாங்க மாட்டேன்"னு போன வீடியோல சத்தியம் பண்ணேன்ல, அதை மறந்துருங்க.

அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறா. உறுப்பு மண்டலங்கள் பாடம். "சித்தி, மாடல் வேணும்"னா. பாரிமுனைல ஒரு கடைல 2,400 சொன்னாரு. நான் 1,500ல ஆரம்பிச்சேன். அண்ணன் சிரிக்கிறாரு. நான் நகர்ற மாதிரி படி வரைக்கும் போயிட்டேன், திரும்பியே பாக்கல. "சரி வாம்மா, 1,750." ஜெயிச்சுட்டேன்! ஆட்டோவுக்கு 200 குடுத்தேன், அதைக் கணக்குல சேக்காதீங்க. தலை வச்ச மாடல் இன்னும் விலை ஜாஸ்தி, அதான் முண்டம்.

வீட்டுக்கு வந்து பிரிச்சா, எதை எங்க மாட்டணும்னு ஒரு துண்டுச் சீட்டு கூட உள்ள இல்ல. நுரையீரலை மாத்தி மாட்டிட்டேன். வலதுல மூணு மடல், இடதுல ரெண்டுதான், இதயத்துக்கு எடம் விடணும்ல. அப்புறம் பாத்தா வலது சிறுநீரகம் ஒரு விரல் கீழ இருக்கு. கோணலா ஒட்டிட்டானுங்கன்னு கடைக்கு போன் போடவே எடுத்துட்டேன்! நல்லவேளை பாடப்புத்தகப் படத்தைப் பாத்தேன். நமக்கும் அப்படித்தானாம். மேல கல்லீரல் ஒன்றரை கிலோ கனத்துல உக்காந்திருக்கு, வலது பக்கத்துக்காரர் இறங்கித்தான் குடியிருக்கணும்.

எல்லாம் மாட்டி முடிச்சா கைல மஞ்சளா ஒண்ணு மிச்சம். சோளக்கருது மாதிரி. மண்ணீரல் ஏற்கெனவே மாட்டியாச்சு. அப்போ இது? கணையம்! இரைப்பைக்குப் பின்னாடி போற சாமான், அதை முதல்லயே வச்சிருக்கணும். திரும்ப குடல், கல்லீரல், இரைப்பைன்னு எல்லாத்தையும் கழட்டினேன். நாப்பது நிமிஷம். அதை ரெக்கார்ட் பண்ண மறந்துட்டேன், கேக்காதீங்க.

அம்மா வந்து அதைக் கைல வாங்கி, "பதினஞ்சு வருஷமா என்னை சர்க்கரை மாத்திரை திங்க வைக்கிறது இந்தக் கருதா?"ன்னாங்க. இன்சுலின் சுரக்குறது இதுதானே. 1921ல கனடாவுல, டொராண்டோல, பான்டிங், பெஸ்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நாயோட கணையத்துல இருந்துதான் அதைப் பிரிச்சு எடுத்தாங்க. ஆனா பாப்பா ஒரு கேள்வி கேட்டா பாருங்க: "சித்தி, இதை செரிமான மண்டலத்துல எழுதணுமா, நாளமில்லாச் சுரப்பி மண்டலத்துல எழுதணுமா?" ரெண்டுலயும்தான்! சிறுகுடலுக்கு செரிமான நீரை அனுப்புது, ரத்தத்துக்கு இன்சுலினை அனுப்புது. பாடத்துல தனித்தனி கட்டம் போட்டு வச்சுட்டாங்க, உள்ள எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம்.

ஆங், சிறுநீரகத்தைப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். அது கழிவை வடிகட்டுறதோட நிக்கல. எலும்பு மஜ்ஜைக்கு "சிவப்பணு தயார் பண்ணு"ன்னு ஹார்மோன் வேற அனுப்புது. டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ரத்தசோகை வர இதுவும் ஒரு காரணம்.

அதனாலதான் உடம்புக் கழிவை வெளியேத்தும்னு டீடாக்ஸ் ஜூஸ் விக்கிறவங்களைக் கண்டா எனக்கு எரியுது. கமெண்ட்ல வந்து லிங்க் போடாதீங்கப்பா! ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒண்ணு ரெண்டு லிட்டரை மட்டும் வெளிய விட்டுட்டு மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்குற சிறுநீரக ஜோடி நம்ம முதுகுப் பக்கமே இருக்கு. அதுக்கு உங்க 350 ரூவா பச்சை ஜூஸ் சொல்லித் தரப்போகுதா?

நாளைக்கு இதை பஸ்ல ஸ்கூலுக்குக் கொண்டு போகணும். சாக்குல கட்டினா கை வெளிய நீட்டிட்டு நிக்குமோன்னு யோசிச்சேன். இதுக்குத்தான் கையே இல்லையே! சரி மக்களே, பாப்பா கூப்பிடுறா, கல்லீரல் மறுபடி விழுந்துருச்சாம்.