வடிகாலும் பூங்காவும் ஒரே கோப்பில்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்றொரு சாலை இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் ஏரி கண்ணில் படாது. 1920-களில் மாம்பலம் ஏரிப் பரப்பில் தியாகராய நகர் எழுந்தபோது ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்தின் ‘லேக் ஏரியா’வுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் மழைநீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றபோது பலரும் வியந்தார்கள். அந்தத் தண்ணீருக்கோ பழைய முகவரி மறக்கவில்லை. நிலத்தின் மேடு பள்ளத்தைக் கேளாமல் எடுக்கப்படும் நகரமைப்பு முடிவு நூறு ஆண்டு கழித்தும் கணக்குக் கேட்கும் என்பதால்தான், மாநகராட்சி மன்றத்தில் வடிகாலுக்கும் பூங்காவுக்கும் நிறைவேறும் தீர்மானங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சென்னைக்கு இரண்டு நோய்கள். 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் ஊர் இது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அந்தச் சில வாரத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவதா, மண்ணுக்குள் இறக்குவதா என்பதே எல்லாத் தீர்மானங்களுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. ஆனால் மழைநீர் வடிகால் ஒரு துறை, பூங்கா ஒரு துறை, சாலை ஒரு துறை. குடிநீரோ தனி வாரியம். ஒரே தெருவின் தண்ணீர் நான்கு கோப்புகளில் ஓடுகிறது. நான்கும் ஒரே மேசைக்கு வருவதை அரிதாகவே காண்கிறோம்.

கடலுக்கா, மண்ணுக்கா என்ற கேள்விக்குச் சரியான எடுத்துக்காட்டு கிழக்குக் கடற்கரைச் சாலைதான். கொட்டிவாக்கம், நீலாங்கரை பக்கம் நிலம் கடல் மணல். மழை பெய்தால் பெரும்பகுதி அப்படியே உள்ளே இறங்கிவிடும். அங்குள்ள கிணறுகள் உப்புக் கரிக்காமல் இருப்பதற்கும் அந்த நன்னீர்தான் காவல். அந்த மணலில் கான்கிரீட் வடிகால் கட்ட முற்பட்டபோது, 2020-இல், குடியிருப்போர் எதிர்த்தார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. வடிகாலே வேண்டாம் என்று ஊர்மக்கள் வழக்காடும் விந்தையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நான் அந்த ஊர்மக்கள் பக்கம்தான்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 1688-இல் தோன்றிய மாநகராட்சி இது. அத்தகைய மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை; தனி அதிகாரியின் கையொப்பத்தில் தீர்மானங்கள் நிறைவேறின. 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த நகரத்தில், புதிதாகச் சேர்ந்த புறநகர்களுக்கு வடிகாலும் பூங்காவும் திட்டமிட வேண்டிய அதே காலத்தில், ‘எங்கள் பகுதி மணல், உங்கள் பகுதி களிமண்’ என்று மன்றத்தில் எழுந்து சொல்ல ஒரு கவுன்சிலரும் இல்லை. கவுன்சிலர் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம், ஆனால் தட்டிக் கேட்க ஒரு கதவாவது இருந்திருக்கும்.

இப்போது மன்றம் இருக்கிறது. 2022 தேர்தலில் 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி தன் பூங்காக்கள் சிலவற்றில் சிறு குளங்களை வெட்டி, ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ என்று பெயரிட்டிருக்கிறது. இது நல்ல முடிவு. கணக்கைப் பாருங்கள்: ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 22,000 லிட்டர். அதே ஒரு கிரவுண்டுப் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குளம் வெட்டினால், பதினைந்து கிரவுண்டில் விழும் மழையை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் தெருவின் நீர் அந்தக் குளத்துக்குள் வர வேண்டுமே! பூங்காவைச் சுற்றி மதில் எழுப்பி, நடைபாதை முழுவதும் சிமென்ட் கல் பதித்து, வடிகாலை மதிலுக்கு வெளியே நேராக ஓடவிட்டால், குளம் தன் தலையில் விழுந்த மழையை மட்டும் குடித்துவிட்டுக் கிடக்கும். வடிகாலுக்கான மதிப்பீடும் பூங்காவுக்கான மதிப்பீடும் தனித்தனியே ஒப்புதல் பெறும்வரை இந்த மதில் அகலாது. மதில் இடிக்கப் பணம் அதிகம் வேண்டாம். இரண்டு பொறியாளர்கள் ஒருநாள் சேர்ந்து நடந்தால் போதும்.

பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீத நிலத்தைப் பொதுப்பயன்பாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம் என்பார்கள். மனையாக விற்க ஆகாத பள்ளமான மூலையைத்தான் பெரும்பாலும் தள்ளிவிடுகிறார்கள் என்பது நான் கண்ட வரையில் வழக்கம். அதைப் பெற்றுக்கொள்ளும் உள்ளாட்சி லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைத்துத் திறந்துவிடுகிறது. பள்ளத்தை அப்படியே விட்டிருந்தால் செலவில்லாமல் ஒரு குளம் கிடைத்திருக்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், ஊர்ப்பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் புதிதாக வடிகால் கட்டி முடித்த ஆண்டில்தான் முதன்முதலாக வாசற்படி வரை தண்ணீர் வந்தது. எதிர்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் தன் டியூப் லெவலை எடுத்து வந்தார். நீர் நிரம்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையைச் சாலையோரத்திலும் மறு முனையை வடிகாலின் நீர்வாயிலும் பிடித்தோம். நீர்வாய் சாலையைவிட நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. வேப்பிலைச் சருகும் பாலித்தீன் பையும் அந்த விளிம்பில் அணை கட்டியிருந்தன. வடிகால் தரமாகவே கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் ஏறிப் போய் விழ வேண்டும், அதுதான் குறை.

2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தில், தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் தொடங்கின. கிராம சபையின் நகர்ப்புற வடிவம். கவுன்சிலரும் தெருக்காரர்களும் கூடிப் பேசும் இடம். எங்கள் பகுதி சபையில் இதை எழுந்து சொன்னேன். பதிவேட்டில் ‘மழைநீர் வடிகால் சீரமைப்புக் கோரிக்கை’ என்று எழுதினார்கள். அப்படி எழுதிய கோரிக்கை ஒவ்வொரு வார்டிலும் ஐம்பது இருக்கும். மேலே போனால் மீண்டும் ஒரு வடிகால் மதிப்பீடாகவே அது திரும்பி வரும். அடுத்த கூட்டத்துக்குக் கொத்தனாரையும் அழைத்துச் சென்றோம். குழாயைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டே அவர் விளக்கினார். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, எத்தனை விரற்கடை, அங்கிருந்து பூங்கா மதில் எத்தனை அடி என்பதைச் சொல்லச் சொல்ல, எழுதுபவர் இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதினார். பிறகு அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கொத்தனார் கையெழுத்துப் போட்டார்.

நன்றி, வணக்கம்.