அலுவலக வளாகத்துல செடி நடணுமா? முதல்ல மண்ணைத் தோண்டிப் பாருங்க

வணக்கம். பிசினஸ் பார்க் மாதிரி பெரிய வளாகத்துல பறவை, வண்டு, பட்டாம்பூச்சி எல்லாம் வரணும், அங்க வேலை செய்யறவங்களுக்கும் மனசு லேசாகணும்னா எப்படி நடணும்னுதான் இந்த வீடியோ. நிறைய இடத்துல பணம் முழுக்க செடி வாங்கவே போயிடுது. ஆனா அந்தச் செடி பிழைக்குமா இல்லையான்னு தீர்மானிக்கிறது மண்ணும் பராமரிப்பு ஒப்பந்தமும்தான்.

மண்ணுலேருந்து தொடங்கலாம். கட்டடம் கட்டும்போது மேல்மண்ணை வழிச்சு எடுத்துடுவாங்க, கனரக வண்டி ஏறி இறங்கி அடிமண் இறுகிப்போயிருக்கும், உள்ள சிமென்ட் கழிவும் புதைஞ்சு கிடக்கும். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்துல ஒரு குழி எடுங்க. தண்ணி நிரப்பி முழுசா வடிய விடுங்க. மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு அளங்க. 2.5 செ.மீ.க்கும் கம்மின்னா வேர் மூச்சுத் திணறி அழுகிடும். அந்த இடத்தை 45 முதல் 60 செ.மீ. ஆழம் வரைக்கும் உடைச்சு விடணும். மண் ஈரமா இருக்கும்போது இதைச் செஞ்சா இன்னும் மோசமா இறுகும். கேபிள், குழாய் எங்க போகுதுன்னு வரைபடம் வாங்காம இயந்திரத்தை இறக்கவே இறக்காதீங்க. அப்புறம், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா, பெரும்பாலும் அது சிமென்ட் சுண்ணாம்பால மண்ணோட காரத்தன்மை ஏறுனதோட விளைவு. மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாது. யூரியா போட்டு இது சரியாகாது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்க.

நடும்போது குழி வேர்க்கட்டியைவிட ரெண்டு மூணு மடங்கு அகலமா இருக்கட்டும். ஆழம் மட்டும் அதே அளவுதான். தண்டு விரிஞ்சு வேரா மாறுற இடம் தரைக்கு மேல தெரியணும். அது புதைஞ்சா மரம் சில வருஷம் நல்லா இருந்துட்டு, அப்புறம் காரணமே புரியாம பட்டுப்போகும். பைக்குள்ள வேர் சுருண்டிருந்தா பக்கவாட்டுல மூணு நாலு இடத்துல மேலேருந்து கீழா கீறி விடுங்க. மூடாக்கு, அதாவது மண்ணு மேல பரப்புற காய்ந்த இலை, மரச்சிராய் மாதிரியான போர்வை, 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டை ஒட்டிக் குவிக்காதீங்க, பட்டை அழுகிடும். பெரிய மரத்தைக் கொண்டுவந்து நடுறதைவிட சின்னக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். திறப்பு விழாப் படத்துக்காகப் பெரிய மரம் கேட்பாங்க, தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க.

எதை நடலாம்? 1990-ல அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சாந்தமூர் சொன்ன கணக்கு நல்ல வழிகாட்டி: மொத்த மரத்துல ஒரே இனம் 10 சதவீதம், ஒரே பேரினம் (நெருங்கின இனங்களோட தொகுதி) 20, ஒரே குடும்பம் (பேரினங்களோட தொகுதி) 30, இதுக்கு மேல போகக்கூடாது. ஒரே மரத்தை வரிசையா நட்டா, ஒரு பூச்சி வந்தாலே வளாகம் மொட்டையாகிடும். உங்க மண்ணுக்குச் சொந்தமான இனங்களை மரம், குறுமரம், புதர், தரைச்செடின்னு அடுக்கா வைங்க. பன்னிரண்டு மாசத்தையும் ஒரு தாள்ல எழுதி, எந்த மாசம் எது பூக்கும்னு நிரப்புங்க. காலியா இருக்கிற மாசத்துக்குத்தான் செடி தேடணும். அடுக்கு இதழ்ப் பூக்கள்ல பெரும்பாலும் பூச்சிக்குத் தேன் எட்டாது. பட்டாம்பூச்சியோட புழு தின்கிற இலைச்செடியும் வேணும், இலை ஓட்டையாகும்னு நிர்வாகத்துக்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. நர்சரியில நியோனிகோடினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடிச்சாங்களான்னு கேளுங்க. அது செடிக்குள்ள ஊடுருவி மகரந்தம் வரைக்கும் போகும், அதைத் தின்கிற தேனீயைப் பாதிக்கும். தேனீ இனங்கள்ல பெரும்பாலானவை மண்ணுக்குள்ள கூடு கட்டுறவை, அதனால வெயில் படுற இடத்துல கொஞ்சம் வெற்று மண்ணை விட்டு வைங்க.

இனி ஒப்பந்தம். "மாசம் இத்தனை தடவை வெட்டணும்"னு எழுதியிருந்தா, மொட்டு விடுறதுக்குள்ள எல்லாப் புதரும் உருண்டையாகிடும். எந்தச் செடியைப் பூ முடிஞ்சு எப்போ கவாத்து பண்ணணும்னு தனித்தனியா எழுதுங்க. கூடு கட்டும் பருவத்துல வெட்டக்கூடாது, அட்டவணைப்படி மருந்து அடிக்கக்கூடாது, புதருக்கு அடியில விழுந்த இலையைக் கூட்டக்கூடாது. முதல் ரெண்டு வருஷம் தண்ணி விடுறது யார் பொறுப்புன்னும் அதுல இருக்கணும். காட்டுப்பூப் பகுதியில புல்லை வெட்டினா வாரி எடுத்துடணும், இல்லாட்டி மண் கொழுத்து புல் பூச்செடியை அமுக்கிடும். நடைபாதை ஓரம் மட்டும் ஒரு மீட்டர் ஒழுங்கா வெட்டி வைங்க, அப்போதான் யாரும் புதர் மண்டிக்கிடக்குன்னு புகார் சொல்ல மாட்டாங்க.

மனுஷங்க விஷயம். 1984-ல அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வுல, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவங்களைவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வலுவான வலி மருந்தும் கம்மியா எடுத்துக்கிட்டாங்க. அதனால மரத்தை நுழைவாயில் அழகுக்கு மட்டும் வைக்காம, நாற்காலியில உட்கார்ந்து எது தெரியுதுன்னு பார்த்து இடம் குறிங்க. பெஞ்சுக்கு நிழலும், முதுகுப் பக்கம் ஒரு புதர் மறைப்பும் வேணும். நடைபாதை பத்து நிமிஷத்துல சுத்தி வர்ற மாதிரி இருந்தா சாப்பாட்டு இடைவேளையில நடப்பாங்க.

மரம் வந்தா பறவை வரும், பறவை வந்தா கண்ணாடியில மோதும். கண்ணாடியோட வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில புள்ளி ஒட்டுங்க. ஒத்தைப் பருந்து ஸ்டிக்கர் பலன் தராது. ராத்திரி விளக்கு கீழ்நோக்கி, 2700 கெல்வின் (விளக்கு நிறத்தோட அளவு, இது இளமஞ்சள்) அல்லது அதுக்கும் கம்மியான நிறத்துல இருக்கட்டும், ஆள் இல்லாத நேரத்துல அணைச்சுடுங்க.