அப்பா பெயரில் இருக்கும் கடை

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் எஸ்எம்இ நிலையத்துக்கு, அதாவது சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு ஆலோசனை தரும் நிலையத்துக்கு, படியேறும் குடும்பக் கடைக்காரர்கள் பெரும்பாலும் மானியம் கேட்டுத்தான் வருகிறார்கள். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மென்பொருளும் கருவிகளும் வாங்க அரசு தரும் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம், தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை ஈடுசெய்யும். விலைப்புள்ளி வாங்குங்கள், ஆனால் கையெழுத்தும் போடாதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள். விண்ணப்பம்தான் முதலில். பணம் கட்டிவிட்டு வருகிறவருக்கு ஆலோசகர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. முழுத்தொகையையும் நீங்கள் செலுத்தி, ரசீதுடன் கோரிய பிறகே மானியம் கைக்கு வரும். அதுவரை வாடகைக்கும் சம்பளத்துக்கும் கல்லாவில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகப் பேச வந்தது வேறு விஷயம். தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் பல ஆண்டுகளாக நடக்கும் கடை இன்னும் அப்பாவின் தனி உரிமைப் பதிவில் இருந்தால், சட்டத்தின் பார்வையில் கடையும் அவரும் ஒன்றுதான். கடையின் கடன் அவர் சொந்தக் கடன். அவர் காலமானால் வங்கிக் கணக்கு முடங்கும். உயில் இருந்தாலும் நீதிமன்ற ஆணை வரும்வரை சரக்குக்காரருக்கு அந்தக் கணக்கிலிருந்து பணம் கொடுக்க முடியாது. உயில் இல்லையென்றால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களுக்கு இஸ்லாமியச் சட்டப்படி பங்கு. காலையில் கடை திறக்கும் மகனுக்கும் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் ஒரே அளவு!

கடையை, சட்டத்தின் பார்வையில் உரிமையாளரிடமிருந்து தனித்து நிற்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக மாற்றலாம். அதற்கு, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். ஒரே இயக்குநர் என்றால் அவரே செயலாளராக இருக்க முடியாது. இதுவரை சுலபம். சிக்கல் எங்கே என்றால், புதிய நிறுவனத்துக்குப் புதிய யுஇஎன், அதாவது நிறுவன அடையாள எண். பழைய எண்ணில் தொங்கும் எதுவும் தானாக நகராது. வாடகை ஒப்பந்தம், உணவுக்கடை உரிமம், பொருள் சேவை வரிப் பதிவு, மத்திய சேம நிதிக் கணக்கு, வேலை அனுமதி எல்லாவற்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். புதிய நிறுவனத்தின் பெயரில் வேலை அனுமதி கைக்கு வருமுன் பழைய பதிவை ரத்துசெய்தால் வெளிநாட்டுச் சமையற்காரர் அடுப்படியில் நிற்க முடியாது. கடையை வாடகைக்கு விட்டவர் ஒப்பந்தத்தை மாற்ற மறுத்தால் மற்றதெல்லாம் வீண். எனவே அவரிடம் முதலில் பேசுங்கள். மாற்றத்துக்கு நடுவே பழைய எண்ணில் மானியம் கேட்காதீர்கள்.

இந்த வரிசையை உங்களோடு உட்கார்ந்து போட்டுத்தருவதுதான் எஸ்எம்இ நிலைய ஆலோசகரின் வேலை, கட்டணம் இல்லை. உயிலும் பங்கு மாற்றமும் எழுத வழக்கறிஞரும் செயலாளரும் வேண்டும். அதற்கான செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வரும்போது அக்ராவின் வணிக விவரப் படிவம், வாடகை ஒப்பந்தம், கடந்த இரண்டு ஆண்டுக் கணக்கு, ஊழியர் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அப்பாவையும் அழைத்து வாருங்கள். பழைய பதிவை அவரே இணையத்தில் முடிக்க, அவருடைய மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வேண்டும்.