உள்ளே புளி, வெளியே கண்ணாடி: பிள்ளைகளோடு ஒரு லாலிபாப் மதியம்

வணக்கம், வாங்க வாங்க. பின்னால் சத்தம் கேட்கிறதா? மூன்று பேர் வளவில் உட்கார்ந்து குச்சி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கோடை விடுமுறைக்குக் கானாடுகாத்தானில் ஆத்தா வீட்டுக்கு வந்து 10 நாள் ஆகிறது. என் மகளுக்கு வயது 9, மகனுக்கு 6, அக்கா மகனுக்கு 11. பொழுது விடிந்தால் "இன்னைக்கு என்ன பண்ணலாம்" என்ற ஒரே கேள்விதான். இன்றைக்குப் பதில் இருக்கிறது: நடுவில் புளி ஒளிந்திருக்கும் லாலிபாப்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் சொதப்பல்.

முதல் தடவை, அச்சு இல்லையே என்று குழிப்பணியாரச் சட்டியில் நெய் தடவிப் பாகை ஊற்றினேன். அரை உருண்டையாக அழகாக வந்தது, சட்டியை விட்டுத்தான் வரவில்லை. நெம்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். கடைசியில் வெந்நீரை ஊற்றிக் கரைத்தேன். பாகோடு சேர்ந்து பல வருஷமாகப் பழக்கிய எண்ணெய்ப் பிசுக்கும் போய்விட்டது, மறுநாள் குழிக்குக் குழி துரு. ஆத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

இரண்டாவது தடவை உள்ளே கடை ஜாம் வைத்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் தட்டில் சிவப்பாக ஒரு குளம், நடுவில் குச்சிகள் மிதக்கின்றன. யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம். ஜாமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். லாலிபாப்பின் வெளியே இருக்கிற இறுகின பாகில் தண்ணீர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தண்ணீரைக் கண்ட சர்க்கரை சும்மா இருக்குமா? உள்ளிருந்தே கரைத்துவிட்டது. ஆகவே உள்ளே வைப்பது எதுவாக இருந்தாலும் ஈரம் வற்றியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

அதனால் புளி. 50 கிராம் புளியைக் கொஞ்சமாக வெந்நீர் விட்டுக் கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, 60 கிராம் வெல்லம், சிட்டிகை உப்பு, வறுத்த சீரகத்தூள், பிள்ளைகள் தாங்கும் அளவு மிளகாய்த்தூள் போட்டுக் கிண்ட வேண்டும். அல்வா மாதிரி சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும், அப்போதும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு நிமிஷம். ஆறியதும் பட்டாணி அளவுக்கு உருட்டித் தட்டையாக்குவது முழுக்கப் பிள்ளைகள் வேலை. என் மகன் உருட்டியதில் பாதி வாய்க்குள் போனது, அதையும் கணக்கில் வைத்துக் கூடுதலாகவே கிண்டுங்கள். நேற்று மொட்டைமாடியில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்தோம். இந்த வெயிலுக்கு அது போதும்.

இப்போது பாகு. இங்கே பிள்ளைகள் அடுப்படிக்கு வெளியே. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று சாக்பீஸில் கோடு போட்டிருக்கிறேன். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி, இந்தப் பாகு 150. அதோடு தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. பக்கத்தில் ஒரு வட்டாவில் பச்சைத்தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். 

200 கிராம் சர்க்கரை, 75 கிராம் லிக்விட் குளுக்கோஸ், 60 மில்லி தண்ணீர். குளுக்கோஸ் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். இது இல்லாவிட்டால் பாகு பூத்து, மணல் மணலாகிவிடும். கிடைக்காதவர்கள் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடலாம், அதற்கு மேல் போனால் மிட்டாய் பிசுபிசுக்கும். சர்க்கரை கரைகிற வரைக்கும்தான் கிண்டலாம். கொதி வந்த பிறகு கரண்டியைத் தொடாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டுகிற சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் கீழே தள்ளிவிடுங்கள்.

தெர்மாமீட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் வைத்துச் சோதித்தால் 94 காட்டுகிறது! அதாவது 6 டிகிரி குறைவாக. அதை நம்பி 150 காட்டும் வரை விட்டிருந்தால் பாகு நிறம் மாற ஆரம்பித்திருக்கும். நீங்களும் முதலில் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆத்தா எட்டிப் பார்த்து, "மிஷின் எதுக்கு? கிண்ணத்துல தண்ணி எடு" என்றார். அதிரசத்துக்குப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் மெத்தென்று திரண்டு வரும், அது தக்காளிப் பதம். அதற்கும் மேலே, கடலை மிட்டாய்க்கு வைக்கிற பதம்தான் நமக்கு வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். முதல் தடவை 'தொப்'. இரண்டு நிமிஷம் கழித்து 'டொக்'. அடுத்த நிமிஷமே... கேட்டதா? இதோ இதுதான்! கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் "டங்!" என்று கத்துகிறார்கள். காதால் பதம் பார்ப்பதில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

அடுப்பை அணைத்து, நுரை அடங்கியதும் ஊற்றலாம். மேசையின் மார்பிள் பலகையில் நெய் தடவியிருக்கிறேன். ஒரு ஸ்பூன் பாகு, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதன்மேல் குச்சி, குச்சி நுனியில் புளி வில்லை, மேலே இன்னொரு ஸ்பூன் பாகு. ஓரம் முழுக்க மூடியிருக்க வேண்டும். வேகமாகச் செய்யுங்கள், பாகு நமக்காகக் காத்திருக்காது. இறுகிவிட்டால் சிறு தீயில் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.

கால் மணி நேரத்தில் ஆறிவிட்டது. பிள்ளைகள் இப்போது உள்ளே வரலாம். திருப்பிப் பாருங்கள், மார்பிளில் படிந்த பக்கம் எப்படி மின்னுகிறது! அக்கா மகன் உடனே, "சித்தி, ஆத்தங்குடிக் கல்லு மாதிரியே" என்றான். போன வாரம் அவனை ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்கிற இடத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். கண்ணாடிமேல் சட்டம் வைத்து, வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, இறுகியதும் எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளக்கும். இங்கேயும் அதே கதைதான். சொல்லப்போனால், பூக்காமல் இறுகின சர்க்கரையே ஒரு கண்ணாடி மாதிரிதான்.

மொத்தம் 14 வந்தது. கடைசி நாலில் புளிக்குப் பதில் பொடி வைத்தோம்: 2 டேபிள்ஸ்பூன் பொடித்த சர்க்கரை, அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), கால் டீஸ்பூன் சமையல் சோடா. காய்ந்திருக்கும்வரை சமர்த்தாக இருக்கும், எச்சில் பட்டதும் வாயில் சுர்ரென்று பொங்கும். என் மகன் கண்ணை மூடிக்கொண்டு குதித்ததைப் பார்த்தீர்களே. மகளின் ஓட்டு புளிக்குத்தான். எனக்கும் அதுதான். இனிப்பு கரையக் கரைய, எதிர்பாராத நேரத்தில் ஒரு புளிப்பும் காரமும் வந்து நிற்கிறது.

5 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இது வேண்டாம், தொண்டையில் சிக்கும். வாயில் வைத்துக்கொண்டு ஓடுவதும் கூடாது. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றிச் சம்படத்தில் இறுக்கி மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முயற்சி செய்யாதீர்கள், காற்றில் இருக்கிற ஈரமே போதும், அரை மணியில் பிசுக்கென்று ஆகிவிடும்.

பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் தானாகக் கரையும். ஆத்தா அந்தத் தண்ணீரையும் கொட்டவிடவில்லை, ஆறவைத்து எலுமிச்சை பிழிந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பணியாரச் சட்டி எங்கே என்று கேட்டேன். "அது இருக்குற இடத்துல இருக்கு" என்கிறார். இன்னும் எங்கே என்று சொல்லவில்லை.