மலைக்குளிரில் வெடிக்கும் கைகள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தலைகுந்தா, காந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துலங்கிவிட்டால், விடியற்காலையில் புல்வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த உறைபனி நாட்களில் தேயிலை கருகுமே என்று கவலைப்படுகிறோம். கேரட்டும் உருளைக்கிழங்கும் என்ன ஆகுமோ என்று பதறுகிறோம். அதே நாட்களில் அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் விரல் பிளந்து ரத்தம் கசியும். அதை மட்டும் ‘மலையில் இருந்தால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுகிறோம். எஸ்டேட் மருத்துவமனை ஒன்றில் பல வருடங்கள் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். வெடித்த கை என்பது காயம்பட்ட கை, காயத்துக்குச் செய்வதை அதற்கும் செய்யவேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் கை ஏன் வறண்டுபோகிறது என்று பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். 0 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அதே காற்றால் 5 கிராம்கூடத் தாங்க முடியாது. அதனால்தான் பனி கொட்டும் இடத்திலும் காற்று வறண்டு இருக்கிறது. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து அடுப்புச் சூட்டில் காயும்போது, எங்கே ஈரம் கிடைக்கும் என்று நம் தோலிலிருந்துதான் இழுத்துக்கொள்ளும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. புறங்கையில் தோல் மெலிது. முகம், நெற்றியெல்லாம் தானாக எண்ணெய் விட்டுக்கொள்ளும். கைக்கு அந்த வசதி இல்லை. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே இருக்கிற கொழுப்புதான் ஈரத்தை உள்ளே நிறுத்தி வைக்கிறது. அந்தக் கொழுப்பு போய்விட்டால் தோல் விறைக்கும், சொரசொரக்கும், கடைசியில் மடியும் இடமெல்லாம் பிளக்கும்.

சரி, அந்தக் கொழுப்பை யார் கொண்டுபோகிறார்கள்? குளிர் பாதிதான். மீதி வேலையைச் செய்வது தண்ணீரும் சோப்பும். தண்ணீரில் ஊறுவது, காற்றில் காய்வது, திரும்பவும் ஊறுவது என்று நாள் முழுக்க நடந்தால் எந்தத் தோலும் தாங்காது. அதுவும் சூடான தண்ணீர் இன்னும் மோசம். கை மரத்துப்போய் வீட்டுக்கு வருபவருக்குச் சுடுதண்ணீரில் கையை வைத்தால் எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சூடு ஏற ஏற அந்தக் கொழுப்பு கரைந்துபோவதும் அதிகமாகிறது. வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அப்புறம் சோப்பு. நம் தோலின் இயல்பு லேசான அமிலம்; சோப்புக்கட்டி காரம். தோட்ட வேலை முடிந்ததும் மண் போகவேண்டும் என்று துணி துவைக்கிற சோப்பையே எடுத்துக் கையில் தேய்ப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு விரல் நுனி கறுத்துப்போகும். அந்தக் கறையை எடுக்க எலுமிச்சம்பழத் தோலையும் பிளீச்சிங் பவுடரையும் தேடவேண்டாம். கறையால் கைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைத் தேய்த்து எடுக்கப்போய்த்தான் தோல் புண்ணாகிறது.

இப்போது எதைப் பூசுவது என்ற கேள்வி. எதைப் பூசுகிறோம் என்பதைவிட எப்போது பூசுகிறோம் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். கை கழுவியதும் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், களிம்பைப் பூசிவிடுங்கள். நன்றாகக் காய்ந்து வெடவெடத்துப்போன கையில் பூசினால் உள்ளே மூடி வைக்க ஈரமே இருக்காது. வேலைக்குக் கிளம்பும் முன், பாத்திரம் துலக்கி முடித்ததும், ராத்திரி படுக்கும் முன் என்று இந்த மூன்று வேளையும் தவறாமல் பார்த்துக்கொண்டாலே கையில் வித்தியாசம் தெரியும்.

பொருள் என்று பார்த்தால், வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லிதான் என் முதல் தேர்வு. 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பழைய பொருள். இன்றும் அதைப்போல ஈரத்தை மூடி வைப்பது வேறொன்று கிடைப்பது அரிது. வாசனை சேர்க்காத வெள்ளை ஜெல்லியாக வாங்குங்கள், வெடிப்பில் எரியாது, விலையும் குறைவு. பிசுபிசுப்பாக இருக்கிறது, வேலை செய்ய முடியவில்லை என்பார்கள். உண்மைதான். பகலில் கிளிசரின் கலந்த கிரீம் ஏதாவது பூசிக்கொண்டு, ஜெல்லியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். படுக்கும்போது தாராளமாகப் பூசி, மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லையென்றால் துவைத்த பழைய பருத்திக் காலுறையும் போதும்.

தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழியில் நம் வீட்டுப் பாட்டிலில் அது கல்லாகத்தான் இருக்கும். வெயிலில் சிறிது நேரம் வையுங்கள், இளகிவிடும். கிளிசரினை மட்டும் அப்படியே கெட்டியாகப் பூசவேண்டாம், எரியும். தண்ணீரோ பன்னீரோ கலந்துகொள்ளுங்கள். அதோடு கிளிசரின் ஈரத்தை இழுக்குமே தவிர மூடி வைக்காது, இந்த வறண்ட காற்றில் அதற்கு மேல் ஒரு பூச்சு ஜெல்லி வேண்டும். தடித்துப்போன உள்ளங்கைக்கு 10 சதவீதம் யூரியா சேர்த்த கிரீம் மருந்துக்கடையில் கிடைக்கும். பெயரைக் கேட்டுவிட்டு உரமூட்டையில் இருக்கும் யூரியாவைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள், அது தோலுக்கென்று சுத்தப்படுத்தியது இல்லை. இந்த யூரியா கிரீமும் திறந்த வெடிப்பில் எரியும். புண் மூடிய பிறகுதான் அதைத் தொடங்கவேண்டும்.

நம் ஊர்ப் பெருமையான நீலகிரித் தைலத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சளிக்கு ஆவி பிடிக்கிறோம், நெற்றியில் தடவுகிறோம், அதனால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற நம்பிக்கை நமக்கு. வெடித்த கையில் அதைத் தேய்த்தால் சுள்ளென்று சூடு ஏறும், மருந்து வேலை செய்வதாகத் தோன்றும். உண்மையில் அது தோலை உறுத்துகிறது, ஈரத்தை நிறுத்துவதே இல்லை. மூட்டுவலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் தைலமும் அப்படித்தான். இரண்டையும் வெடிப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆழமாகப் பிளந்து வலிக்கிற விரலுக்கு வெறும் பூச்சு போதாது. சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஒற்றி எடுத்து, ஜெல்லி நிரப்பி, ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றைச் சுற்றிவிடுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். மூடி ஈரமாக இருக்கும் புண் சீக்கிரம் ஆறும். காற்றாட விட்டால் ஆறும் என்று நினைத்துத் திறந்தே வைத்திருக்கும் விரல், மடக்கும்போதெல்லாம் மறுபடி பிளக்கும்.

இனி வேலைகளைப் பற்றி. கேத்தி, பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடங்களில் விடிவதற்கு முன்பே பனித் தண்ணீரில் நிற்கிறார்கள். அவர்கள் கை முழங்கை வரை நனைந்தபடி இருக்கிறது. அங்கே களிம்பு எதுவும் நிற்காது. நீளமான ரப்பர் கையுறை வேண்டும், அதற்குள் பருத்திக் கையுறையும் வேண்டும். ரப்பரை மட்டும் போட்டால் உள்ளே வேர்த்து, அந்த வேர்வையிலேயே தோல் ஊறிவிடும். உள்கையுறை நனைந்தால் கழற்றிக் காய்ந்ததை மாட்டிக்கொள்ள இன்னொரு ஜோடியும் இருக்கவேண்டும்.

மலைப்பூண்டு உரிப்பவர்களுக்கு வேறொரு பிரச்சினை. பூண்டைப் பிடித்துக்கொள்ளும் கையில், வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இடக்கை, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நுனியில் மட்டும் உரிந்து வெடிக்கும். அதைக் குளிர் வெடிப்பு என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் களிம்பு பூசுவார்கள். பூண்டில் இருக்கும் கந்தகப் பொருள் ஒத்துக்கொள்ளாததால் வரும் ஒவ்வாமை அது. அந்தப் பொருள் பெரும்பாலான கையுறைகளையும் ஊடுருவிவிடும். சில வாரம் பூண்டைத் தொடாமல் இருந்து பாருங்கள், விரல் தேறினால் காரணம் உறுதி.

ஓட்டல், லாட்ஜ் சமையலறைகளில் பாத்திரம் துலக்குபவர்கள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்கி அந்த இடம்தான் முதலில் அரிக்கும். என்னைப்போன்ற நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது, சோப்பைவிட ஆல்கஹால் சானிடைசர் தோலுக்கு இதமானது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தயாரிப்பு முறையில் 1.45 சதவீதம் கிளிசரினும் சேர்க்கச் சொல்லியிருப்பது கை வறளாமல் இருக்கத்தான். எரிகிறதே என்று பயந்து சோப்புக்குத் திரும்புகிறோம். ஏற்கெனவே வெடித்திருக்கும் கைதான் எரிகிறது.

சாயங்காலம் எல்லோரும் கணப்பைச் சுற்றி உட்காருகிறோம். மரத்துப்போன கையை நெருப்புக்கு மிக அருகில் நீட்டாதீர்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். கம்பளிக்குள் வைத்து மெதுவாகச் சூடேற்றுவதே நல்லது. களிம்பு ஊறிய துணியும் கையுறையும் எளிதில் தீப்பற்றிக்கொள்ளும், அவற்றோடு அடுப்பருகே போகாதீர்கள்.

குளிரில் விரல்கள் சிவந்து வீங்கி, சூடு பட்டதும் தாங்க முடியாமல் அரித்தாலோ, விரல் வெள்ளையாகி நீலமாகி அப்புறம் சிவந்தாலோ, அது வறட்சி இல்லை, ரத்த ஓட்டப் பிரச்சினை. டாக்டரிடம் காட்டுங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், ஒரு கையில் மட்டும் விடாமல் தோல் உரிவது, இதற்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் தோல் இப்படி வறளும், அதையும் அங்கே கேளுங்கள். மண்ணில் வேலை செய்பவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே மருந்துக்கடையில் போய் ‘அரிப்புக்கு ஒரு டியூப்’ என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அவை நல்ல மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இன்னும் சுலபமாகக் கிழியும். அதனால்தான் இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியைக் கடுமையாக்கியது.

தோட்ட முதலாளிகளிடமும் கேரட் மண்டிக்காரர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பனியில் செடி கருகாமல் இருக்க மேலே மூடுவதற்குத் தாகைத் தழை வாங்கிப் போடுகிறீர்கள், விடியும் முன் தண்ணீர் தெளிக்கிறீர்கள். அந்தச் செலவோடு ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறையும் ஒரு டப்பா ஜெல்லியும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வருபவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே கொடுங்கள். பனிக்காலம் முடிய இன்னும் வாரங்கள் இருக்கின்றன, இந்த வாரமே வாங்கிவிடலாம்.

நன்றி, வணக்கம்.