தங்கத்துக்கு எதற்கு அனுபவப் புள்ளி?

அடுத்த கேள்வி. அப்படியே வாசிக்கிறேன். "நீங்கள் போன வீடியோவில் சொன்னதை நம்பி, 1981-ஆம் வருடத்து டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்து நண்பர்களுக்கு ஆட்டம் நடத்தினேன். ஒரு மணி நேரத்தில் நாலு பேரில் மூன்று பேர் காலி. அப்புறம் புத்தகத்தைப் புரட்டினால், ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 எக்ஸ்பி, ஒரு தங்கக் காசு எடுத்து வந்தால் 1 எக்ஸ்பி என்று போட்டிருக்கிறது. ஐந்து காசும் ஒரு கோப்ளினும் ஒன்றா? இது பேராசைக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி இல்லையா? இந்த விதியைத் தூக்கிவிட்டு ஆடலாமா?"

தூக்காதீர்கள். அதைத் தூக்கினால் அடுத்த வாரம் மிச்சமிருக்கிற அந்த ஒருவரும் செத்துப்போவார்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது. ஒருவர் நடுவர். அவர் இடத்தை விவரிப்பார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள், சந்தேகம் வந்தால் பகடை. 1974-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள்தான், அதையும் கையால் அடுக்கி விற்றார்கள். நம் நேயர் ஆடியது அதற்கு ஏழு வருடம் கழித்து டாம் மோல்ட்வே சீர்செய்து கொடுத்த பேசிக் விதிகள். மொத்தம் 64 பக்கம். பழைய பாணி ஆட்டக்காரர்களுக்கு இன்றும் அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. கோப்ளின் என்பது குட்டி அரக்கன். எக்ஸ்பி என்பது அனுபவப் புள்ளி, அது சேர்ந்தால் பாத்திரம் அடுத்த லெவலுக்குப் போகும். சரி, கணக்குக்கு வருவோம்.

ஃபைட்டர், அதாவது வாள்வீரர் பாத்திரம், இரண்டாம் லெவலுக்குப் போக 2000 புள்ளி வேண்டும். கிடைக்கிற புள்ளியைக் குழுவில் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர், ஆளுக்கு 2000 என்று வைத்துக்கொண்டால் 8000. கோப்ளினை மட்டுமே கொன்று இதைச் சேர்ப்பதென்றால் 1600 கோப்ளின். அந்தப் பக்கம் பாருங்கள். முதல் லெவல் ஃபைட்டருக்கு உயிர்ப்புள்ளி ஒரு எட்டுமுகப் பகடை, சராசரியாக நாலரை. கோப்ளின் ஓர் அடி அடித்தால் ஆறுமுகப் பகடையில் விழுவது அதிலிருந்து கழியும். நாலு உயிர்ப்புள்ளி உள்ள ஆள் மேல் ஓர் அடி விழுந்தால், பாதிக்குப் பாதி அவர் அங்கேயே முடிந்தார். பூஜ்ஜியம் என்றால் சாவு, இந்தப் புத்தகத்தில் மயக்கம் எல்லாம் கிடையாது. அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு 1600 கோப்ளினா? முதலுக்கே மோசம்.

இப்போது ஒரே ஒரு நவரத்தின மாலை, 500 தங்கக் காசு பெறும் என்று வையுங்கள். அது நூறு கோப்ளினுக்குச் சமம். சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மோல்ட்வே புத்தகத்திலேயே இது இருக்கிறது. பாத்திரங்களுக்குக் கிடைக்கும் புள்ளியில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ புதையலிலிருந்துதான் வரும் என்கிறது. அதாவது சண்டை என்பது இந்த ஆட்டத்தில் செலவுக் கணக்கு. வரவு வேறு பக்கம். உங்கள் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்காது. அவர்கள் வீடியோ கேம் பழக்கத்தில், கதவைத் திறந்தவுடன் வாளை உருவியிருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கோப்ளின்கள் எதிரே வந்ததும் ரியாக்‌ஷன் பகடை உருட்டினீர்களா? பெரும்பாலும் இருக்காது. நானும் முதல் ஒரு வருடம் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போனவன்தான். இரண்டு ஆறுமுகப் பகடை. 2 விழுந்தால்தான் பார்த்தவுடன் பாய்வார்கள், அது முப்பத்தாறில் ஒரு தடவை. 3 முதல் 5 வரை விரோதம், அடிக்கலாம் அடிக்காமலும் போகலாம். 6 முதல் 8 வரை குழப்பம். 9 முதல் 11 வரை தாக்க மாட்டார்கள், விலகிப் போவார்கள் அல்லது பேரம் கேட்பார்கள். 12 வந்தால் ஆரத்தழுவாத குறை. இதை உருட்டாமல் விட்டால் எல்லா அறையும் சண்டை அறை ஆகிவிடும்.

என் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேர். அதில் மேஜிக் யூசருக்கு, அதாவது மந்திரவாதிக்கு, உயிர்ப்புள்ளி இரண்டு, மந்திரம் ஒன்றே ஒன்று, தூங்கவைக்கிற மந்திரம். அன்றைக்கு என் பகடைப் பை வீட்டில் இருந்துவிட்டது. அட்டையை நறுக்கி எண் எழுதி ஒரு சம்படத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர்களே பெட்டிக்குள் எண் அட்டைகளைத்தான் வைத்து விற்றார்கள்.

ஒரு கிணற்றறையில் ஆறு கோப்ளின்கள். சீட்டு எடுத்தால் 9. பேரம். திருடன் வேடம் எடுத்த நண்பர், நிஜத்தில் பேச்சில் கெட்டிக்காரர், "உங்களுக்கு இங்கே என்ன குறை?" என்று ஆரம்பித்தார். கோப்ளின்களுக்கு ஒரு ஓகர் தொல்லை. ஓகர் என்றால் பெரிய உடம்புக்காரன், ஒரே அடியில் யாரையும் முடிப்பான். ஐம்பது அடிக் கயிறும் நாலு நாள் சாப்பாடும் கொடுத்து, அவன் பெட்டியை எங்கே வைத்திருக்கிறான், எப்போது வெளியே போவான் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாள் உறையை விட்டு வரவில்லை.

பெட்டியைத் திறந்தால் செப்புக்காசு. இரண்டாயிரம். மேஜையில் ஒரே ஆரவாரம். நான் எதுவும் சொல்லவில்லை. எடைப் பட்டியலை மட்டும் நகர்த்தி வைத்தேன். பத்துக் காசு ஒரு பவுண்டு, செம்போ தங்கமோ எடை ஒன்றுதான். இரண்டாயிரம் காசு 200 பவுண்டு. ஓர் ஆள் 1600 காசு எடைக்கு மேல் தூக்கினால் நகரவே முடியாது. நூறு செம்பு ஒரு தங்கம். ஆக அவ்வளவு பாரத்துக்கும் கிடைப்பது 20 எக்ஸ்பி, ஆளுக்கு ஐந்து. "கொஞ்சமாவது எடுத்துக்கொள்வோம்" என்று ஒருவர், "விடு, கிளம்பு" என்று ஒருவர். இதற்குள் தீப்பந்தம் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பந்தம் ஆறு டர்ன், ஒரு டர்ன் பத்து நிமிடம். இரண்டு டர்னுக்கு ஒரு தடவை நான் ஓர் ஆறுமுகப் பகடை உருட்டுவேன், 1 விழுந்தால் யாரோ வருகிறார்கள். அன்றைக்கு வந்தது வீட்டுக்காரன்தான்.

காசைக் கொட்டியபோது அடியில் துணியில் சுற்றிய ஒரு ஜோடி தங்கக் காப்பு கிடைத்திருந்தது, 600 பெறும். ஓடினார்கள். துரத்துகிறவனை நிறுத்த வேண்டுமென்றால் எதையாவது கீழே எறியலாம் என்று விதி இருக்கிறது. புத்தி உள்ள பிராணி என்றால் புதையலை, இல்லாதது என்றால் சாப்பாட்டை. பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் நின்று பொறுக்கும். செப்புக்காசு மூட்டையை எறிந்தார்கள். 5. அவன் நிற்கவில்லை. அடுத்து எறிய என்ன இருக்கிறது? காப்பு. அதை எறிவது புள்ளியை எறிவது. மேஜிக் யூசருக்கு உயிர்ப்புள்ளி இரண்டு, ஓகர் பின்னாலேயே வருகிறான், அந்த மனிதர் காப்பைக் கையில் பிடித்துக்கொண்டு "ஒன்று போதும், ஒன்று போதும்" என்கிறார். மந்திரம் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒற்றைக் காப்பை எறிந்தார்கள், 2 விழுந்தது, நின்றான். மேலே வந்து பிரித்தால் ஆளுக்கு 75 எக்ஸ்பி.

நேயர் கேட்ட பேராசை விஷயம் இங்கேதான் இருக்கிறது. விதி பேராசைக்குப் பரிசு கொடுக்கவில்லை, பேராசையைத் தூண்டிலில் மாட்டி வைக்கிறது. தங்கத்தை வெளியே கொண்டுவந்தால்தான் கணக்கு. நிலவறைக்குள் இருக்கிற வரை அது பாரம், கால்கட்டு. இன்னும் ஒரு அறை பார்க்கலாமா, திரும்பிவிடலாமா என்ற ஒவ்வொரு முடிவிலும் பேராசை பெருநட்டம் என்ற பழமொழி உட்கார்ந்திருக்கும். நடுவர் பயமுறுத்தவே வேண்டாம், அவர்களே மாட்டிக்கொள்வார்கள்.

சரி, எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நியாயமானது. காசு எடுத்து வந்தால் வாள்வீச்சு எப்படித் தேறும்? அப்படிப் பார்த்தால் ஊரிலேயே பெரிய வீரர் பேங்க் கேஷியர்தான். இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. அது நடப்பின் கணக்கு கிடையாது, ஆட்டத்தின் கணக்கு. போன காரியம் முடிந்ததா என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும், காசு எண்ணுவதற்குச் சுலபம், அவ்வளவுதான். ஆர்னசன் தன்னுடைய பிளாக்மூர் ஆட்டத்தில் வேறு வழி பிடித்தார். 1977-இல் வந்த அவருடைய குறிப்புகளில் பார்க்கலாம். தங்கத்தைக் கொண்டுவந்தால் போதாது, தன் பாத்திரத்துக்குப் பிடித்த காரியத்தில் செலவழித்தால்தான் புள்ளி. குடிக்கிறவன் குடிக்க வேண்டும், பக்திமான் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு இதுதான் பிடிக்கும். காசு மறுபடி தீர்ந்துவிடும், மறுபடி நிலவறைக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் நண்பர்களுக்குப் பேராசை உறுத்துகிறதென்றால் விதியைத் தூக்காமல் இப்படி மாற்றிப் பாருங்கள்.

விதி எப்படிக் காணாமல் போனது என்பது சின்னக் கதைதான். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்குத் தள்ளினார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அரக்கர்களை வெல்வதுதான் பிரதானம். அதற்கேற்ப ஆட்களுக்கும் தெம்பு கூடியது, ஆட்டமும் சண்டைக்குச் சண்டை நகர்ந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நானே சனிக்கிழமைகளில் புதுப் பதிப்பு ஆடுகிறவன். ஆனால் அது வேறு ஆட்டம். வேடிக்கை என்னவென்றால் அதே 2000-இல் விதிகளை யாரும் எடுத்தாளலாம் என்று ஒரு திறந்த உரிமத்தையும் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பழைய ஆட்டக்காரர்கள் 2006-இல் ஆஸ்ரிக், அடுத்த வருடம் லேபிரிந்த் லார்ட், 2008-இல் ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி என்று பழைய ஆட்டத்தைத் திரும்ப எழுதினார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தையே மாற்றப் போகிறார்கள் என்று வரைவு கசிந்து பெரிய ரகளை ஆனது, மாதக் கடைசிக்குள் கம்பெனி பின்வாங்கி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டது. அதே வருடம் வந்த ஷேடோடார்க்கைப் பாருங்கள். புத்தம்புதுப் புத்தகம், ஆனால் அரக்கனைக் கொன்றால் ஒரு புள்ளி கூடக் கிடையாது, புதையலுக்குத்தான் புள்ளி. தீப்பந்தமும் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அணைந்துவிடும்.

இப்போது உங்களுக்கு வேலை. அடுத்த ஆட்டத்துக்கு முன் நண்பர்களிடம் அந்த 5-க்கு 1 கணக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ரியாக்‌ஷன் பகடையை உருட்டுங்கள். மன உறுதிப் பகடையும் அப்படியே. கோப்ளினுக்கு அது 7. முதல் ஆள் விழுந்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவை இரண்டு பகடை போடுங்கள், 7-க்கு மேல் வந்தால் ஓடிவிடுவார்கள். முப்பத்தாறில் பதினைந்து தடவை, குறைச்சல் இல்லை. அப்புறம் நிலவறையில் தங்கம் போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். புது நடுவர்கள் கஞ்சத்தனமாக வைத்துவிட்டு, ஆறு வாரமாக யாருக்கும் லெவல் ஏறவில்லை என்று எனக்கு எழுதுவார்கள். நாலு பேருக்கு ஒரு லெவல் என்றால், அந்த எட்டாயிரத்தில் முக்கால் பங்கு, ஆறாயிரம் காசு மதிப்புக்காவது அங்கே இருக்க வேண்டும். அவர்கள் பாதியைக் கண்டுபிடிக்காமல் போவார்கள் என்பதால் நான் பன்னிரண்டாயிரம் வைப்பேன். அதில் கொஞ்சம் செம்பாகவே இருக்கட்டும்.

மந்திர வாளுக்கு எக்ஸ்பி உண்டா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கிடையாது. அடுத்த கேள்விக்குப் போகலாம்.